ஸ்டென்சில்: வெட்டாமல் விடுவதில்தான் வேலை

மின்கம்பத்தில் உள்ள எண், லாரிக் கதவில் உள்ள பெயர், சாக்கு மூட்டையில் உள்ள முத்திரை எல்லாம் பெரும்பாலும் ஸ்டென்சில் வைத்து அடித்தவை. அட்டையிலோ தகட்டிலோ உருவத்தை வெட்டியெடுத்து, பதிக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பெயிண்ட் அடித்தால், வெட்டிய இடத்தில் மட்டும் நிறம் இறங்கும். ஒரு தகட்டை வைத்து ஒரே உருவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பதிக்கலாம்.

இந்த யோசனை மிகப் பழையது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பாறைமேல் கையை வைத்துச் சுற்றிலும் நிறமியை ஊதிப் பதித்த கைத்தடம் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழையது என்று 2014-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அங்கே கையே தகடு.

வெட்டுவது சுலபம்போலத் தோன்றும். ‘ட’, ‘ப’ இரண்டையும் அப்படியே வெட்டிவிடலாம். ‘ம’ அப்படி அல்ல. வலப்பக்கத்தில் கோடு முழுதாகச் சுற்றி மூடிவிடுவதால், வெட்டி முடித்ததும் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். பதித்துப் பார்த்தால் அந்த இடம் முழுக்க நிறம் அப்பியிருக்கும். பூஜ்யத்துக்கும் இதே கதிதான். அதனால் கோட்டை ஓரிரு இடங்களில் வெட்டாமல் விட்டு, நடுத்துண்டைத் தகட்டோடு பிடித்து வைக்க வேண்டும். இப்படி விடும் பட்டைதான் பாலம். பாலம் மெலிந்தால் இரண்டு முறை துடைப்பதற்குள் கிழியும். தடித்தால் எழுத்து துண்டு துண்டாகத் தெரியும். தேர்ந்த கலைஞர் இலை நரம்பையும் இதழ்களின் இடைவெளியையுமே பாலமாக்கிவிடுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அது வடிவத்தின் பகுதியாகவே தெரியும்.

இதில் உச்சம் தொட்டவர்கள் ஜப்பானியர்கள். கிமோனோத் துணிக்கான ‘கதகாமி’ என்னும் காகித ஸ்டென்சிலுக்குப் பெயர் பெற்றது மியே மாகாணத்தின் சுசுகா நகரம். மல்பெரி இனத்து மரப்பட்டை நாரில் செய்த காகிதங்களைச் சீமைப் பனிச்சைக்காயின் துவர்ப்புச் சாற்றால் ஒன்றோடொன்று ஒட்டி, உலர்த்திப் புகையூட்டுவார்கள். அதன்பின் காகிதம் எளிதில் ஈரத்தில் ஊறாது. இந்தத் தகட்டின் வழியே துணியில் இறங்குவது சாயம் அல்ல, அரிசிப்பசை. பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணியை அலசியதும் அந்த இடம் வெளுப்பாகத் துலங்கும். மெல்லிய நெடுங்கோடுகளுக்கு இடையே பாலம் விட இடமே இருக்காது. அங்கே இரண்டு காகித அடுக்குகளுக்கு நடுவில் பட்டு நூல்களை வைத்து ஒட்டினார்கள். நூல் கோடுகளைத் தாங்கும், பசையையும் மறிக்காது.

பின்னாளில் தகடு முழுவதையும் வலைத்துணியில் ஒட்டினால் பாலமே வேண்டாம் என்றாகிவிட்டது. 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணித் திரை வழியே அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். திருப்பூர் பனியனிலும் கடைக்காரர் தரும் துணிப்பையிலும் படம் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங், ஸ்டென்சிலின் நேர் வாரிசு.

வீட்டுச் சுவரில் செய்து பார்க்க ஓ.எச்.பி. ஷீட், கூரான கத்தி, மாஸ்கிங் டேப், முனை தட்டையான குட்டைத் தூரிகை போதும். வெட்டும்போது கத்தியை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு ஷீட்டைத் திருப்புங்கள். வளைவுகள் பிசிறில்லாமல் வரும். நிறம் கசிவதற்குப் பெரும்பாலும் அதிகப் பெயிண்ட்தான் காரணம். தூரிகையில் தொட்ட பெயிண்டைப் பழைய துணியில் ஒற்றியெடுங்கள். தூரிகை கிட்டத்தட்டக் காய்ந்ததுபோல இருக்க வேண்டும். அதைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லக் குத்துங்கள். பக்கவாட்டில் இழுத்தால் பெயிண்ட் ஷீட்டுக்கு அடியில் புகுந்துவிடும். நிறம் போதாவிட்டால், காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

இரண்டு நிறம் வேண்டுமானால் இரண்டு ஷீட் வெட்டி, இரண்டிலும் ஒரே இடத்தில் மூலைக்குறி போட்டுக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்குப் பெரிய இலை போன்ற வடிவம் நல்லது. நரம்புகளை வெட்டாமல் விட்டாலே பாலம் கிடைத்துவிடும்.