மிஞ்சிய பலகாரமும் சங்கத்தின் நூலும்

சங்க அலுவலகத்தின் பின்கட்டில் ஓர் அடுப்பும், தேநீர்ப் பாத்திரமும், மூடியுள்ள தகர டப்பா ஒன்றும் இருப்பது வழக்கம். ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் கூட்டுறவு வாரத்திற்கு லட்டும் வந்து சேருகின்றன. விழா முடிகிறது, பலகாரம் மிஞ்சுகிறது. இம்மிச்சத்தைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயமெனச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை.

சிப்பந்திகள் வாயைக் கட்ட வேண்டுமென்பது நமது கட்சியன்று. காலை முதல் பேரேட்டில் கவிழ்ந்திருப்பவருக்கு மாலை 4 மணிக்கு ஒரு பிடி பொரி வேண்டியதே. ஆயினும் உண்ணும் முறையென்று ஒன்று உண்டு. ஒருவர் போகும்போதும் வரும்போதும் டப்பாவைத் திறக்கிறார். மற்றொருவர் பொரியை விட்டுக் கடலையை மட்டும் பொறுக்குகிறார். இன்னொருவர் லட்டில் பாதியைக் கிள்ளிக்கொண்டு மீதியை வைத்துச் செல்கிறார். கடைசித் துண்டை எடுக்க எவருக்கும் துணிவில்லை. அது தட்டிலேயே காய்கிறது. தட்டைக் கழுவும் கடைநிலைச் சிப்பந்திக்குப் பங்கு கிடைத்ததா என்று கேட்பாருமில்லை.

இதனால் விளையும் முதற் கேடு நூலுக்கே. பல நெசவாளர் சங்கங்களில் அலுவலகமும் நூல் இருப்பறையும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. வெல்லப் பாகிற்கு எறும்பு வரும். முறுக்குத் தூளுக்கு எலி வரும். வந்த எலி முறுக்கோடு திரும்புவதில்லை. நூற் சிட்டங்களையும் கடித்துக் குதறுகிறது. கஞ்சியேறிய பாவும் துணியும் கரப்பானுக்கு இரையாகும். எண்ணெய்க் கையால் பட்டுச் சேலையைப் புரட்டினால் கறை படியும். அக்கறைக்காக நெய்தவர் கூலியில் பிடித்தம் செய்ய நேரின், அதைவிட அநீதி வேறில்லை.

இரண்டாவது, உடல்நலம். தேங்காய் சேர்ந்த சுண்டலை வெயிற் காலத்தில் 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தல் தகாது. பால் இனிப்பும் விரைவில் கெடும். ஈரமற்ற முறுக்கு, காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் நிற்கும். ஆகவே கெடுவதை அன்றே பகிர்ந்துவிட வேண்டும்.

மூன்றாவது, மரியாதை. சங்கப் பணத்தில் வாங்கிய பலகாரம் அங்கத்தினருடையது. கூலிக்காக அவர் திண்ணையில் காத்திருக்க, அலமாரிக்குப் பின்னால் டப்பா திறக்கும் ஓசை கேட்பது சங்கத்திற்கு அழகாகாது. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளரும் பிற தொழிலாளரும் திறந்த கூட்டுறவுக் கடையின் முதற் சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியனவே. உணவுப் பண்டத்தில் நேர்மை வேண்டுமென்ற எண்ணமும் நமது இயக்கத்தின் வேர்களில் ஒன்று.

செய்ய வேண்டியது சிறிதே. வாங்கியதைச் சில்லறைச் செலவில் உடனே பதிக. மிஞ்சியதை அன்று மாலையே, வந்திருக்கும் அங்கத்தினர் தொடங்கிக் கடைநிலைச் சிப்பந்தி ஈறாகப் பங்கிடுக. நூலறைக்குள் எந்தத் தின்பண்டமும் செல்லலாகாது. தின்றவரே தட்டைக் கழுவுக. ஒரு டப்பாவைச் சரியாகப் பங்கிடத் தெரிந்த அலுவலகத்தினிடம் தம் லாபப் பங்கையும் நம்பி ஒப்படைக்கலாமென அங்கத்தினர் எண்ணுவர். அந்த நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம்.