மேற்படிப்பின் நடுவே வேலை மாறலாமா?



தோட்டப்புறத்திலிருந்து ஒரு பெண் தாதி வேலைக்குப் போய்விட்டாள் என்றால், அந்த லயமே பெருமைப்படும். ‘மிஸ்ஸி வீடு’ என்று அந்த வீட்டுக்கே பெயர் வந்துவிடும். யாருக்கு இரத்த அழுத்தம் என்றாலும், இனிப்பு நீர் என்றாலும், விடுமுறைக்கு வந்திருக்கும் அந்தப் பெண்ணிடம்தான் கிளினிக் அட்டையை நீட்டுவார்கள்.

அந்தப் பெண் ஒரு நாள் உங்கள் முன் வந்து உட்கார்ந்து, “அப்பா, நான் படித்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா? இப்போது வேறொரு மருத்துவமனையில் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம் என்கிறார்கள். போகட்டுமா?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதைப் பற்றித்தான் இன்று சிறிது பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பின் பாதையைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் தாதியாக விரும்புகிறவர் 3 ஆண்டு டிப்ளோமா பயிற்சியை முடித்து, தேர்வெழுதி, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார். அதன்பின் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படிக்கலாம். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை, வேலையில் இருப்பவர்களுக்காகவே இத்தகைய படிப்பை நடத்தி வந்துள்ளன. பட்டத்திற்கு மேல் முதுகலையும் உண்டு. வாரம் முழுவதும் வார்டு வேலை, ஓய்வு நாளில் பாடம் என்று சில ஆண்டுகள் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின் நடுவில்தான் வேலை மாறும் எண்ணம் தலைதூக்குகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மல்லிகா என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மல்லிகா ஒரு தனியார் மருத்துவமனையில் 3 ஆண்டுகளாகத் தாதி. பட்டப்படிப்பில் இன்னும் 2 தவணைகள் பாக்கி. இந்த நேரத்தில் கோலாலம்பூரில் மாதம் 500 வெள்ளி கூடுதலாகத் தரும் வேலை வருகிறது. “ஏம்மா, 500 வெள்ளி சும்மாவா? போயேன்” என்கிறார் அம்மா. தம்பியின் பள்ளிச் செலவு அவர் கண்முன் நிற்கிறது. அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஆனால், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 வெள்ளி கூடினால், அதில் நூற்றுக்கு 11 வீதம் ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. அது 55 வெள்ளி. அது அவள் சேமிப்புதான். ஆனாலும் இந்த மாதம் கைக்கு வராது. இப்போது மருத்துவமனை விடுதியில் 100 வெள்ளி கொடுக்கிறாள்; கோலாலம்பூரில் ஓர் அறைக்கு 400 வெள்ளி என்றால், 300 வெள்ளி அதிகம். வகுப்புக்குப் போய்வரும் செலவும் சாப்பாடும் 120 வெள்ளி கூடுகின்றன. கழித்துப் பாருங்கள். 25 வெள்ளிதான் மிச்சம்! இந்த எண்கள் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால், கூடும் சம்பளத்தை மட்டும் பார்த்து, கூடும் செலவைப் பார்க்காமல் விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. படிக்கிறவருக்குப் பணத்தைவிடப் பெரிய செல்வம் இதுதான். தனியார் துறைக்கான 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓரிடத்தில் 2 ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுமுறை குறைந்தது 8 நாள். 2 ஆண்டு முடித்து 5 ஆண்டு நிறையாதவருக்கு 12 நாள். 5 ஆண்டுக்கு மேல் 16 நாள். மல்லிகாவுக்கு இப்போது 12 நாள் கிடைக்கிறது. புதிய இடத்தில் அது 8 நாளாகக் குறைந்துவிடலாம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் அந்த 4 நாளின் அருமை தெரியும். அதோடு, புது இடத்தில் முதல் சில மாதங்கள் தகுதிகாண் பருவம். வேலை உறுதியாகாத நிலையில், “சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, இரவு வேலையை மாற்றிக்கொடுங்கள்” என்று வாய்திறந்து கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

புதிய வார்டு என்றால் புதிய மருந்துகள், புதிய கருவிகள், புதிய நடைமுறைகள். ஒரு சொட்டு மருந்தின் அளவு தவறினாலும் ஓர் உயிர் ஆபத்துக்குள்ளாகும் தொழில் இது. வேலையைப் புதிதாகக் கற்பதும் படிப்பின் கடைசிக் கட்டமும் ஒரே நேரத்தில் வந்தால், ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும். பல படிப்புகளில் முடிவில் ஓர் ஆய்வும் செய்ய வேண்டும். தான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே அனுமதி பெற்று அதைத் தொடங்கியவர், பாதியில் வெளியேறினால் அந்த வேலை தடைப்படலாம்.

மூன்றாவது, பத்திரம். இதைத்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. மருத்துவமனை செலவு செய்து படிக்க வைத்திருந்தால், இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்வேன் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியிருப்பார்கள். இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அந்தத் தாளில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார்? அப்பாவோ மாமாவோதான். மகள் கோலாலம்பூருக்குப் போன பிறகு, கடிதம் தோட்டத்து வீட்டுக்கு வரும். ஆகவே, பெட்டியில் இருக்கும் அந்தப் பத்திரத்தை எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒரு முறை முழுவதும் படியுங்கள். அதன் பிறகு பேசுங்கள்.

அப்படியானால் படிக்கும்போது வேலையே மாறக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்த இரவு வேலையால் உடல்நலம் கெடுகிறது என்றால், புதிய இடம் வகுப்புக்கு அருகில் இருக்கிறது என்றால், படிக்கும் பாடத்தையே ஒட்டிய வார்டு கிடைக்கிறது என்றால், வகுப்பு நாளில் ஓய்வு தருவோம் என்று அவர்கள் எழுத்தில் தருகிறார்கள் என்றால், மாறுவதில் நன்மை உண்டு. வாய்வார்த்தை போதாது. இன்று ‘ஆகட்டும்’ என்ற மேற்பார்வையாளர் நாளை வேறிடம் போய்விடலாம்.

மாறுவதற்கு முன் இருக்கும் இடத்திலேயே கேட்டுப் பார்க்கவும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, தனியார் துறை ஊழியர் வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்பதில்லை. கேட்காமலே விலகிவிடுவதுதான் தவறு. அரசாங்கத் தாதியருக்கு விதிகள் வேறு. அவர்கள் படிப்பு விடுப்பு, கூட்டரசு பயிற்சி உபகாரச் சம்பளம் ஆகியவற்றைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும்.

ஜொகூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர்ச் சம்பளம் கண்ணில் படும். அங்கே கூட, 2024ஆம் ஆண்டில் அறிவித்த ஒரு திட்டத்தில், பொது மருத்துவத் துறையிலேயே நிலைத்திருக்கும் தகுதியுள்ள தாதியருக்கு 20 ஆண்டுகளில் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை தருவதாகச் சொன்னார்கள். நிலைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அது காட்டுகிறது அல்லவா?

மாறுவது என்று முடிவாகிவிட்டால், சில ஒழுங்குகள் உண்டு. புதிய நியமனக் கடிதம் கைக்கு வருமுன் விலகல் கடிதம் கொடுக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரமும், 2 முதல் 5 ஆண்டுக்கு 6 வாரமும், அதற்கு மேல் 8 வாரமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். தேர்வு முடிந்து, அடுத்த தவணை தொடங்குமுன் மாறுவது நல்லது. தாதியர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பணிச் சான்றிதழ் இந்தச் சந்தடியில் காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே! உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மல்லிகா மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் 100 வெள்ளியை அந்த 2 தவணைக்கு மட்டும் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அவள் வேலை மாற நினைப்பதே பணம் போதாததனால்தானோ என்னவோ! இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுத்தவளைப் பத்து மணிக்குத் தொலைபேசியில் எழுப்பாதீர்கள். “எப்போதடி படிப்பு முடியும்?” என்று கேட்பதை விட்டு, “தேர்வு என்றைக்கு அம்மா?” என்று கேளுங்கள்.

முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பத்திரத்தையும் சம்பளச் சீட்டையும் வகுப்பு அட்டவணையையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் பேசுவது நம் கடமை. குலை வெட்டிய கைகளும் பழம் பொறுக்கிய கைகளும் சேர்ந்து கட்டிய படிப்பு அது. 25 வெள்ளிக்காக அது பாதியில் நின்றுவிடக் கூடாது.