பரி வாங்கப் போனவர்கள்

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து நம் நண்பர் ஒருவர் சமீபத்தில் வந்திருந்தார். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடுகிறவர். வெங்காயம் உரிக்கிறவர்களைவிடப் பயிரிடுகிறவர்களைத்தான் அதிகமாக அழ வைக்கிறது என்பது அவருடைய நெடுநாளைய அபிப்பிராயம். ஆனால் இம்முறை அவர் முகம் மலர்ந்திருந்தது. அபூர்வமாக நல்ல விலை கிடைத்துவிட்டதாம்.

"பெங்களூரில் இருக்கிறானே, என் தங்கை மகன், அவனும் சிநேகிதர்களும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வாங்கப் போகிறார்களாம். 'நீங்களும் ஒரு பங்கு எடுத்துக் கொள்ளுங்கள், மாமா' என்கிறான். எடுத்துக் கொள்ளலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் குதிரை ஏறத் தெரியுமா?" என்று வினவினோம்.

"ஏற வேண்டாமாம். பார்த்துக் கொண்டிருந்தால் போதுமாம்" என்றார்.

பார்த்துக் கொண்டிருந்தால் போதும் என்று நம்பிக் குதிரை வாங்கியவர்களின் கதை தமிழ்நாட்டில் மிகவும் பழையது. நண்பருக்கு அன்று நாம் சொன்னவை நேயர்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

மன்னர்கள் செய்த வியாபாரம்

குதிரை நம் மண்ணில் செழித்து வளரும் பிராணி அன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் 'பட்டினப்பாலை' கூறுகிறது. சோழர் காலத்துச் சாசனங்களில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டி'கள் என்ற வியாபாரிகளைக் காண்கிறோம். இன்று அரியலூர் ஜில்லாவில் ஒரு சிற்றூராக அமைதியில் ஆழ்ந்து கிடக்கும் கங்கைகொண்ட சோழபுரம், ராஜேந்திர சோழன் காலந்தொட்டு ஒரு பேரரசின் தலைநகராய் விளங்கிற்று. அதன் வீதிகளில் கனைத்த குதிரைகளுள் எத்தனையோ கடல் கடந்து வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வியாபாரத்தின் வரவு செலவை அறிய வேண்டுமானால், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவைக் கேட்க வேண்டும். இந்நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்கள் என்றும், வருஷ முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதி வைத்தார். குதிரைக்கு மாமிசமும் சோறும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் அறிந்தவர்கள் இங்கே இல்லை. அத்தகையவர்கள் இங்கு வந்து சேராதபடி வியாபாரிகளே பார்த்துக் கொண்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் ஏது?

அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வருஷத்துக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியிலே குதிரை இறந்தாலும் அதன் விலை பாண்டியனுடைய பொக்கிஷத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்றும் கூறுகிறார். கடலில் மூழ்கிய குதிரைக்கும் கரையில் நின்று பணம் கொடுத்தவர்கள் நம் மன்னர்கள்! வெளிநாட்டார் இருவரும் கணக்கைச் சற்றுப் பெருக்கியிருக்கலாம். ஆனால் விஷயம் தெளிவாயிருக்கிறது. நம்மவர்களுக்குக் குதிரை வாங்கத் தெரிந்திருந்தது. வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை.

குதிரை வாங்கி வரும்படி பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் கதையை அறியாதவர் யார்? நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் முன்பே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்தர்களுக்கு அது இறைவனுடைய திருவிளையாடல். குதிரை வாங்க நினைப்பவர்களுக்கோ அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பகலில் பரியாய்த் தோன்றுவது இரவில் எதுவாக மாறும் என்று விற்பவனும் சொல்ல மாட்டான்; வாங்குபவனும் கேட்க மாட்டான்.

உயர் ஜாதிக் குதிரை

இன்று பந்தயத்தில் ஓடும் குதிரைகளின் குலம் வேறு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கீழ்நாட்டு ஆண் குதிரைகளே அக்குலத்தின் மூலபுருஷர்கள். உலகத்தில் எந்த மூலையில் ஓடும் உயர் ஜாதிக் குதிரையானாலும், அதன் தந்தை வழியைத் தேடிக்கொண்டே போனால் இம்மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும். இவற்றின் வம்சாவளிப் புத்தகம் 1791-ஆம் வருஷம் முதல் அச்சாகி வருகிறது. நம் தேசத்திலே பிறக்கும் குட்டிகளின் ஜாதகத்தைப் பூனாவிலுள்ள வம்சாவளிப் பதிவு ஸ்தாபனம் எழுதி வைக்கிறது. தாய் தந்தை இன்னவை என்று மரபணுப் பரிசோதனை செய்து நிச்சயித்த பிறகே குட்டிக்கு ஜாதியில் இடம் உண்டு. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு தூரம் போவதில்லை.

ஆனால் ஜாதகம் ஓடாது; குதிரைதான் ஓட வேண்டும். 2006-ஆம் வருஷம் அமெரிக்காவில் 'கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 160 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அது மூன்றே முறை பந்தயத்தில் ஓடியது. ஒன்றிலும் ஜயிக்கவில்லை. மொத்தம் பதினாயிரம் டாலருக்குச் சற்று அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றது. அதே தேசத்தில் 1975-ஆம் வருஷம் 17,500 டாலருக்கு விலை போன 'சியாட்டில் ஸ்லூ' என்ற குட்டியோ, 1977-இல் அந்நாட்டின் மூன்று பெரிய பந்தயங்களையும் தோல்வியே காணாமல் வென்றது. கால்களின் அமைப்பு, மார்பின் அகலம், நடையின் போக்கு ஆகியவற்றைக் கூர்ந்து பார்த்து விலை மதிக்கும் நிபுணர்களே இவ்விரண்டையும் மதித்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது நம் நண்பரின் மருமகன் கண்ணுக்குப் படும் என்பது என்ன நிச்சயம்?

கட்டித் தீனி போடுதல்

விலை கொடுத்ததோடு செலவு தீர்ந்துவிடுமானால் நன்றாயிருக்கும். உண்மையில் செலவு அன்றைக்குத்தான் ஆரம்பமாகிறது. குதிரையை நம் வீட்டுக் கொல்லையில் கட்டிவிட முடியாது. பந்தய மைதானத்தின் லாயத்தில், அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தீனி, லாயம், குதிரைக்காரர் சம்பளம், லாடம், வைத்தியம் என்று மாதந்தோறும் பதினாயிரக் கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும். சொந்தக்காரர் தம் பெயரையும், ஜாக்கி அணியும் சட்டையின் வர்ணங்களையும் பந்தயச் சங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். குதிரை ஜயித்தால் பரிசுப் பணத்தில் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் பங்கு உண்டு. தோற்றால் தோல்வியில் பங்குக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

பத்துக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஜயிப்பது ஒன்றுதான். ஒன்பது சொந்தக்காரர்கள் வெறுங்கையோடோ, சிறு பரிசோடோ வீடு திரும்ப வேண்டியவர்கள். கையெழுத்துப் போடுமுன் இந்தக் கணக்கை எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

மேலும், இந்தப் பிராணி பார்ப்பதற்கு எவ்வளவு கம்பீரமோ அவ்வளவு மென்மையானது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலை நான்கு மெல்லிய கால்கள் தாங்குகின்றன. வேகத்தில் ஒரு கால் முறிந்தால் பெரும்பாலும் அதைப் பிழைக்க வைக்க முடிவதில்லை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆகையால் நமக்குச் சாதாரணமாய்த் தோன்றும் ஒரு வயிற்று வலி அதற்கு யமனாகிவிடக் கூடும். யானையைக் கட்டித் தீனி போடுவதாக நாம் பேச்சுக்குச் சொல்லுகிறோம். குதிரையைக் கட்டித் தீனி போடுபவருக்கோ தீனியோடு பயமும் சேர்ந்து கொள்கிறது.

கிண்டி சொல்லும் கதை

பந்தயம் என்றதும் தமிழ்நாட்டார் நினைவில் எழுவது கிண்டி மைதானம். அங்கே 1777-ஆம் வருஷத்திலேயே குதிரைகள் ஓடத் தொடங்கின. சென்னைப் பந்தயச் சங்கம் 1896-இல் ஏற்பட்டது. 1946-ஆம் வருஷம் சுமார் 160 ஏக்கர் நிலம், வருஷத்துக்குச் சுமார் 614 ரூபாய் வாடகையில், 99 வருஷக் குத்தகைக்கு அச்சங்கத்துக்குக் கிடைத்தது. நகரம் வளர்ந்து நிலத்தின் மதிப்பு வானளாவிய பிறகும் குத்தகைப் பத்திரம் நின்ற இடத்திலேயே நின்றது.

பந்தயத்தினால் எத்தனையோ குடும்பங்கள் சம்பளத்தையும் நகையையும் இழந்தன. 1974-ஆம் வருஷம் மு. கருணாநிதி முதன் மந்திரியாய் இருந்தபோது பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்யப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்றது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் அன்று, பெரும்பாலும் திறமையைப் பொறுத்த விளையாட்டு என்று 1996 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. குதிரையின் திறமையும் ஜாக்கியின் திறமையும் மறுக்க முடியாதவை. சம்பளத்தைச் சீட்டாக மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம், அதில் அவர் காட்டிய திறமை என்ன என்று மனைவி கேட்ட கேள்விக்குத்தான் எந்தத் தீர்ப்பிலும் பதில் காணோம்.

2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு முத்திரை வைத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் உதகமண்டலத்துப் பந்தய மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. சங்கம் நியாயஸ்தலத்தை நாடிற்று. நிலம் யாருக்கு, பாக்கி எவ்வளவு என்றெல்லாம் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. லாயத்தில் நின்ற குதிரைகளையும், அவற்றுக்குத் தண்ணீர் காட்டி உடம்பு தேய்த்துவிட்டுப் பிழைக்கும் குதிரைக்காரர்களையும் பற்றி அவ்வளவு விரிவாக யாரும் பேசவில்லை.

ஓட்டம் நின்ற பிறகு

இங்கேதான் நண்பரிடம் நாம் முக்கியமான கேள்வியைக் கேட்டோம். "குதிரை எத்தனை வருஷம் ஓடும் என்று மருமகன் சொன்னானா?"

"நாலைந்து வருஷம் ஓடுமாம்."

"எத்தனை வருஷம் உயிரோடிருக்கும்?"

அவர் விழித்தார். நன்றாகப் பராமரித்தால் ஒரு குதிரை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலும் வாழும். ஆறேழு வயதில் ஓட்டம் நின்றுவிட்டால், மிஞ்சிய இருபது வருஷம் அது யாருடைய பொறுப்பு? வெற்றி பெற்ற சில குதிரைகள் இனவிருத்திப் பண்ணைக்குப் போகின்றன. காயடிக்கப்பட்டவற்றுக்கு அதுவும் இல்லை. சில, சவாரிப் பள்ளிகளில் இடம் பெறுகின்றன. மற்றவை கைமாறிக் கைமாறி, வாடகைச் சவாரிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ வந்து சேர்ந்து, விலா எலும்பு தெரிய நிற்கின்றன. ஜாதகம் எழுதப்பட்ட புத்தகத்தில் பிறப்புக்கு இடமுண்டு, முதுமைக்கு இடமில்லை.

வேறொரு வழியில் சென்ற குதிரைகளும் உண்டு. பூனாவில் பந்தயக் குதிரைப் பண்ணை நடத்திய பூனாவாலா குடும்பத்தார், ஓய்வு பெற்ற குதிரைகளைப் பம்பாயிலுள்ள ஹாஃப்கின் ஸ்தாபனத்துக்குக் கொடுத்து வந்தார்கள். அங்கே அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்துகள் செய்யப்பட்டன. அம்மருந்தை நாமே செய்தால் என்ன என்று எண்ணி, சைரஸ் பூனாவாலா 1966-இல் ஸீரம் ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். இன்று உலகம் முழுவதற்கும் தடுப்பூசி அனுப்பும் அந்த ஸ்தாபனம் குதிரை லாயத்தில் பிறந்தது.

பாம்புக்கடி மருந்தும் குதிரை தருவதுதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். சிறிது சிறிதாக அளவைக் கூட்டுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து சீசாவில் அடைக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் அமைத்துக்கொண்ட கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இதிலும் குதிரைக்கு வேதனை இல்லாமலில்லை. அங்கேயும் அதற்கு நல்ல தீனியும் ஓய்வும் வைத்தியமும் கொடுப்பது மனிதர்களின் கடமை. ஆனால் அந்த வேதனைக்கு ஈடாக ஓர் உயிர் பிழைக்கிறது.

இதைச் சொல்லி முடித்தபோது நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வேஷ்டியைச் சற்று உயர்த்தி இடது கணுக்காலைக் காட்டினார். அங்கே ஒரு பழைய தழும்பு இருந்தது.

"மக்காச்சோளக் கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்தது. பெரியாஸ்பத்திரியில் சீசா சீசாவாக ஏற்றினார்கள். காசு வாங்கவில்லை. குதிரையிலிருந்து வந்த மருந்து என்று யாரும் சொல்லவில்லையே, ஐயா!" என்றார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லைக்குப் போனால் ஐயனாருடைய குதிரையைக் காணலாம். மண்ணாலோ சுதையாலோ ஆனது. முன்னங்காலைத் தூக்கி, பல்லைக் காட்டி, வெயிலிலும் மழையிலும் நின்று ஊரைக் காக்கிறது. அதற்கு வம்சாவளி இல்லை. பங்குதாரர் பத்துப் பேர் அல்ல, ஊரே சொந்தக்காரர். வர்ணம் மங்கினால் ஊரார் கூடிப் புதுப்பிக்கிறார்கள். கிழமாகிவிட்டதென்று அதை யாரும் விற்றுவிடுவதில்லை.

நண்பர் ஊருக்குப் போய் ஒரு கடிதம் எழுதினார். மருமகனுக்கு அவர் அனுப்பிய பதிலின் பிரதியும் அதில் இருந்தது. "குதிரை ஓடும்வரை பங்கு கேட்கிறாய். ஓடாத காலத்துக்கும் பங்கு போட உன் சிநேகிதர்கள் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், நானும் போடுகிறேன். குதிரை இனத்துக்கு நான் ஏற்கெனவே கடன்பட்டவன்" என்று எழுதியிருந்தார்.

நாளது வரையில் கையெழுத்து ஒன்றும் வந்து சேரவில்லையாம்.