ரங்கூனுக்கு வந்த விண்வெளி விருந்தாளி

1962 ஜனவரியில் சோவியத் விண்வெளி வீரர் கெர்மான் தித்தோவ் தென்கிழக்கு ஆசியாவுக்கு நல்லெண்ணப் பயணம் வந்தார். இந்தோனேசியா, பர்மா, வட வியட்நாம் ஆகிய நாடுகள் அந்தப் பயணத்தில் இடம்பெற்றன. அன்றைய பர்மாவின் தலைநகர் ரங்கூன், இன்றைய யாங்கோன். அந்த மாதத்தில் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய மனிதர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: ஒருவர் யூரி ககாரின், மற்றவர் தித்தோவ். அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்டும் கஸ் கிரிஸ்ஸமும் 1961இல் விண்வெளியின் விளிம்பைத் தொட்டிருந்தார்கள். ஆனால் அவை கால் மணி நேரப் பாய்ச்சல்கள். மேலே போய் வளைந்து கடலில் விழுந்தவை. ஜான் கிளென் பூமியைச் சுற்றியது பிப்ரவரி 20ஆம் தேதி. ஆகவே அமெரிக்கர் ஒருவர்கூடச் செய்திராததைச் செய்துவிட்டு வந்த இளைஞரைத்தான் பர்மா வரவேற்றது.

தித்தோவ் சைபீரியாவின் அல்தாய் பகுதியில், வெர்க்னெயே ஷிலினோ என்ற சிற்றூரில் 1935 செப்டம்பர் 11 அன்று பிறந்தவர். தந்தை கிராமத்துப் பள்ளி ஆசிரியர், இலக்கியப் பித்துள்ளவர். கவிஞர் புஷ்கினின் கதை நாயகன் ஒருவனின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். போர் விமான ஓட்டியாகி, 1960இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இருபது விண்வெளி வீரர்களில் ஒருவரானார் மகன். 1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் பறந்தபோது, கடைசி நேரத்தில் தேவைப்பட்டால் அவருக்குப் பதிலாக ஏறுவதற்குத் தயாராக, விண்வெளி உடையோடு நின்றவர் தித்தோவ். தேவைப்படவில்லை. முதல்வராகும் வாய்ப்பு அப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது.

நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி, வோஸ்தோக் 2 விண்கலத்தில் அவர் புறப்பட்டார். ககாரின் பறந்தது ஒரே ஒரு சுற்று, 108 நிமிடம். தித்தோவ் 17 முறை சுற்றினார். 25 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மேலே இருந்தார். ஏழு லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்தார். மூன்று சுற்றுப் போதும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரு முழு நாள் வேண்டும் என்று தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரொல்யோவ் பிடிவாதமாக நின்றார். ஒரு நாள் என்றால் சாப்பிட வேண்டும், உறங்க வேண்டும், எழுந்து மறுபடி வேலை பார்க்க வேண்டும். எடையற்ற நிலையில் மனித உடம்பு அதற்கெல்லாம் இடம் கொடுக்குமா என்பதுதான் அன்று யாருக்கும் விடை தெரியாத கேள்வி.

விடை பாதி நல்லதாகவும் பாதி கசப்பாகவும் வந்தது. சில சுற்றுகளிலேயே தலை சுற்றியது, குமட்டியது, வாந்தி வந்தது. விண்வெளியில் நோய்ப்பட்ட முதல் மனிதர் அவர்தான். இன்றும் விண்வெளிக்குப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் முதல் சில நாட்கள் இந்த அவதியைப் படுகிறார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் குழம்புவதால் வருவது அது. உறங்கப் போனபோது இன்னொரு விந்தை. கண் அயர்ந்ததும் கைகள் இரண்டும் தாமாக எழும்பி, நீரில் மிதப்பதுபோல் முகத்துக்கு முன்னால் மிதந்தன. அவற்றை இருக்கையின் வார்ப்பட்டைக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் தூக்கம் பிடித்தது. பிடித்த தூக்கம் நல்ல தூக்கம்: குறித்த நேரத்தைவிட அரை மணிக்கு மேல் கூடுதலாக உறங்கிவிட்டார். எழுந்தபோது குமட்டல் பெரிதும் அடங்கியிருந்தது. கையால் இயக்கும் கேமராவில் பூமியைப் படமெடுத்தார். விண்கலத்தின் திசையைத் தன் கையாலேயே திருப்பிப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 25, இருபத்தாறு நிறைய ஒரு மாதம் பாக்கி. பூமியைச் சுற்றிவந்தவர்களில் அவரைவிட இளையவர் இதுவரை இல்லை.

அவருடைய சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 65 பாகை சாய்வில் இருந்தது. அதாவது வடக்கே 65 பாகைக்கும் தெற்கே 65 பாகைக்கும் இடைப்பட்ட பட்டை முழுவதும் அந்தப் பாதையின் எல்லைக்குள் வரும். 17 பாகையில் உள்ள ரங்கூனும், 13 பாகையில் உள்ள சென்னையும், 10 பாகையில் உள்ள யாழ்ப்பாணமும் அதற்குள் அடங்கியவையே. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் அறுக்கும் விவசாயிக்கு இந்த விண்கலம் வேற்றுலகச் செய்தியாக இல்லை. தன் தலைக்கு மேலுள்ள வானத்தின் சங்கதியாகவே இருந்தது.

இத்தகைய வீரரை ஏன் பர்மாவுக்கு அனுப்பினார்கள்? 1961 செப்டம்பர் 1ஆம் தேதி யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு தொடங்கியது. நேரு, சுகர்ணோ, நாசர், சிறிமாவோ பண்டாரநாயக்க, பர்மியப் பிரதமர் ஊ நூ எல்லாரும் கூடியிருந்தார்கள். அதே நாளில் சோவியத் ஒன்றியம் மூன்றாண்டு இடைவெளியை முறித்து அணுகுண்டுச் சோதனையை மீண்டும் தொடங்கியது. அமைதி பேச வந்தவர்களுக்கு அது முகத்தில் அறைந்தது போலிருந்தது. அக்டோபர் 30 அன்று மனிதகுலம் கண்ட மிகப்பெரிய குண்டையும் சோவியத் வெடித்துக் காட்டியது. அதன் பிறகு விண்வெளி வீரர்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்று பார்த்தால் போதும். நவம்பர் 29 அன்று ககாரின் டில்லி வந்தார். லக்னோ, பம்பாய், கல்கத்தா, ஐதராபாத் என்று சுற்றினார். டிசம்பரில் இலங்கை, பிறகு ஆப்கானிஸ்தான். ஜனவரியில் தித்தோவ் இந்தோனேசியாவுக்கும் பர்மாவுக்கும் வந்தார். இந்த ஐந்தும் பெல்கிரேடில் உட்கார்ந்திருந்த நாடுகள். குண்டால் கெட்ட பெயரைப் புன்னகையால் மீட்க வந்த தூதர்கள் இவர்கள் என்று சொல்வதில் தவறில்லை. வோஸ்தோக்கைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டும், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அணு ஏவுகணையும் ஒரே குடும்பம் என்பது ஊ நூவுக்கும் தெரியாததல்ல.

ஆனாலும் பர்மா ஏமாந்து போய் வரவேற்றது என்று நினைக்கக் கூடாது. 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற அந்நாடு, எந்தப் பெரிய வல்லரசின் நிழலிலும் ஒதுங்குவதில்லை என்பதைப் பிடிவாதமாகக் காத்தது. ஷான் மலைகளில் புகுந்த சீனத் தேசியவாதக் கோமிந்தாங் படைகளுக்கு அமெரிக்க ஆதரவு இருந்ததைக் கண்டித்து, 1953இல் அமெரிக்க உதவியே வேண்டாம் என்று நிறுத்தியது. 1954இல் அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய சீட்டோ இராணுவக் கூட்டில் சேரவில்லை. 1955இல் பாண்டுங் ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் ஒன்றாக நின்றது. தித்தோவ் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1961 நவம்பர் 3 அன்று, ஊ நூவின் நெடுநாள் நண்பரான ஊ தாண்ட் ஐ.நா. சபையின் தற்காலிகப் பொதுச் செயலாளர் ஆனார். மேற்கு நாட்டவர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. இரு வல்லரசுகளும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஆளை உலகம் தேடியபோது அவர் பர்மாவில் கிடைத்தார். அந்தப் பெருமையோடு நின்ற நாட்டுக்குத்தான் விண்வெளி விருந்தாளி வந்தார்.

சோவியத்தோடு பர்மாவுக்குக் கொடுக்கல் வாங்கல் ஏற்கெனவே இருந்தது. கொரியப் போர் முடிந்ததும் அரிசி விலை சரிந்தது. மூட்டை மூட்டையாக அரிசி தேங்கியது. சோவியத் அந்த அரிசியை வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சரக்குகள் தர முன்வந்தது. அப்படி வந்த சிமென்ட் தேவைக்கு மேல் வந்து, ரங்கூன் துறைமுகத்தில் குவிந்து, மழைக்காலத்தில் நனைந்து கல்லாய் இறுகிப்போனது பர்மியர் நெடுநாள் பேசிய கதை. 1955 டிசம்பரில் சோவியத் தலைவர்கள் குருஷேவும் புல்கானினும் ரங்கூனுக்கு வந்தார்கள். அந்த உறவில் விளைந்தவை மூன்று பெரிய கட்டடங்கள்: ரங்கூனில் இன்யா ஏரிக்கரை ஓட்டல், ஜோகோனில் தொழில்நுட்பக் கல்லூரி, ஷான் மாநிலத்துத் தவுஞ்ஜியில் மருத்துவமனை. தித்தோவ் வந்தபோது ரங்கூன் கட்டடங்களில் சிமென்ட் வாசனைகூடப் போயிருக்காது.

இந்த நல்லெண்ணப் பயணங்கள் உல்லாசப் பயணங்கள் அல்ல. ககாரினோடு இந்தியாவுக்கு வந்த ஜெனரல் நிக்கலாய் கமானின் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. ஓய்வே இல்லாத கூட்டங்கள், விருந்துகள், கைகுலுக்கல்கள் ககாரினை எப்படிக் களைக்கச் செய்தன என்பதை அதில் காணலாம். தித்தோவுக்கும் அதே உழைப்புத்தான். பேச வேண்டியது ஏராளம். பேசக் கூடாததும் ஏராளம். ராக்கெட்டின் தோற்றத்தைக் காட்டக் கூடாது. ஏவுதளம் சரியாக எங்கே என்று சொல்லக் கூடாது. தன்னை அனுப்பிய கொரொல்யோவின் பெயரை உச்சரிக்கவே கூடாது. அந்தப் பெயர் 1966இல் அவர் இறந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. பூமிக்கு இறங்கிய விதத்தில் மட்டும் தித்தோவுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருந்தது. வோஸ்தோக் வீரர்கள் தரைக்கு ஏழு கிலோமீட்டர் மேலேயே கலத்திலிருந்து இருக்கையோடு தூக்கி எறியப்பட்டு, தனியே பாராசூட்டில் இறங்கினார்கள். ககாரின் இறங்கியதும் அப்படியே. ஆனால் கலத்துக்குள்ளேயே இறங்கினால்தான் உலக சாதனைப் பதிவில் ஏற்பார்கள் என்பதால் அதை மறைத்தார்கள். தித்தோவ் பாராசூட்டில் இறங்கியதை ஒளிக்கவில்லை. தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டு, மூத்தவரைப் பற்றிய உண்மைக்கு வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டிய நிலை. அது எளிதாக இருந்திருக்காது.

ரங்கூனிலிருந்து அவரது வழி வட வியட்நாமுக்குப் போனது. அங்கே அதிபர் ஹோ சி மின் அவரை ஹாலாங் விரிகுடாவுக்கு அழைத்துச் சென்று, ஒரு சிறு தீவுக்கு அவர் பெயரையே சூட்டினார். தி-தோப் தீவு என்று இன்றும் அது சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது.

பர்மாவில் காலம் வேறு விதமாகத் திரும்பியது. 1962 மார்ச் 2 அன்று, தித்தோவ் வந்து போன ஆறேழு வாரத்துக்குள், ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். விண்வெளி வீரரை வரவேற்ற அரசின் தலைவர் ஊ நூ சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. ரங்கூனின் கொன்ஸேடான் தெருக் காளி கோயிலைச் சுற்றி மூன்று தலைமுறையாக வாழ்ந்த தமிழர்களில் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கப்பலேறினார்கள். பர்மா பஜார் என்று சென்னையில் ஒரு கடைவீதி உருவானது அவர்களால்தான்.

விண்வெளித் தூது மட்டும் நிற்கவில்லை. தித்தோவின் பயணங்களுக்கு அமெரிக்கா தந்த பதில் விசித்திரமானது: கிளென் பறந்த ஃப்ரெண்ட்ஷிப் 7 கலத்தையே 1962 கோடையில் உலகம் சுற்ற அனுப்பியது. பம்பாயிலும் கொழும்பிலும் மக்கள் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். கிளென் சுற்றியது மூன்று சுற்று. இந்த ஊர்வலத்துக்கு நான்காவது சுற்று என்று பெயர் வைத்தார்கள். சோவியத் மனிதர்களை அனுப்பியது, அமெரிக்கா இயந்திரத்தைத் திறந்து காட்டியது. ரகசியம் காத்தவர்களுக்கு முகம் தேவைப்பட்டது. ஒளிவுமறைவில்லை என்று காட்ட விரும்பியவர்களுக்குக் கலமே போதுமானதாயிற்று.

1963 இறுதியில், விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா, புதுக்கணவரான விண்வெளி வீரர் நிக்கலாயெவோடு இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கு வந்தபோது பர்மாவுக்கும் வந்தார். இந்த முறை வரவேற்றது நே வின்னின் புரட்சிக் குழு. நெசவாலைத் தொழிலாளியாக இருந்து 48 முறை பூமியைச் சுற்றியவர் தெரஷ்கோவா. வெறும் இரண்டாண்டு இடைவெளியில் ரங்கூன் அரசு முற்றிலும் மாறியிருந்தது. விருந்தாளி அனுப்பும் நாடு மாறவில்லை.

தித்தோவ் மறுபடி விண்வெளிக்குப் போகவேயில்லை. 2000 செப்டம்பர் 20 அன்று மாஸ்கோவில் காலமானார். அவர் வந்த காலத்தின் சின்னங்களாக இன்யா ஏரிக்கரை ஓட்டலும் ஜோகோன் கல்லூரியும் யாங்கோனில் நிற்கின்றன. கல்லூரியின் பெயர் இப்போது யாங்கோன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1988 மார்ச்சில், அதன் பக்கத்துத் தேநீர்க்கடையில் தொடங்கிய ஒரு தகராறைத் தொடர்ந்து, அந்த வளாகத்தில் ஃபோன் மோ என்ற மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நே வின்னின் 26 ஆண்டு ஆட்சியை ஆட்டிய மக்கள் எழுச்சி அங்கிருந்துதான் கிளம்பியது.