டீக்கடை அங்கே இல்லை

கிரிவலப் பாதையில், யம லிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் நடுவே நான் வழக்கமாக டீ குடிக்கிற கடை ஒன்று இருக்கிறது. வேலை சென்னையில், வீடு திருவண்ணாமலையில். அதனால் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். போன மார்கழியில் கடைக்கார அண்ணா ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே? கூகுள்ல கடையை முதல்ல கொண்டு வரேன்னு ஒரு ஆளு வருஷத்துக்கு ஆறாயிரம் வாங்கறாரு. ரெண்டு வருஷமா குடுத்துட்டேன். அதனால ஏதாவது ஆகுதா இல்லையா?"

எனக்கும் தெரியவில்லை. நான் எழுதுவது வேறு வகை மென்பொருள். சரி, தேடித்தான் பார்ப்போமே என்று போனை எடுத்தேன். ஒரே கடைக்கு மூணு பதிவு இருந்தது!

முதலாவது, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கடை இருந்த பழைய இடத்தில். வாடகைப் பிரச்சினையில் அங்கிருந்து காலி செய்து, கிட்டத்தட்ட முன்னூறு மீட்டர் தள்ளி வந்துவிட்டார். ரெண்டாவது, காசு வாங்கின ஆள் போட்டது. இடம் சரி, ஆனால் போன் நம்பர் அந்த ஆளுடையது. மூணாவது, யாரோ வெளிநாட்டுப் பயணி 'சாய் ஸ்டால்' என்று பேர் வைத்துச் சேர்த்தது.

பழைய இடத்துப் பதிவில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம்: பௌர்ணமி ராத்திரி ரெண்டு மணிக்கு வயசான அம்மாவோடு வந்தோம், மேப்பில் திறந்திருக்கு என்று காட்டுது, இங்கே கடையே இல்லை. அண்ணா அதை ரெண்டு தடவை படித்தார். "அன்னிக்கு விடிய விடிய பாய்லர் ஓடிட்டுதான்பா இருந்தது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் படித்துப் பார்த்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

டைரக்டரி எப்படி மாறியது?

உலகின் முதல் டெலிபோன் டைரக்டரி 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வந்தது. ஒரே ஒரு தாள், 50 பேர்கள். நம்பர்கூடக் கிடையாது, பேரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைப்புத் தருவார். பிறகு வியாபாரங்களுக்கென்று மஞ்சள் பக்கங்கள் வந்தன. இந்தியாவில் 1996-இல் மும்பையில் ஜஸ்ட்டயல் தொடங்கியது. புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், போன் போட்டுக் கேட்டால் போதும் என்பது அப்போது பெரிய வசதி.

இப்போது அந்த டைரக்டரி மேப்புக்குள் போய்விட்டது. கூகுள் இந்தச் சேவையின் பேரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது: 2010-இல் கூகுள் பிளேசஸ், 2014-இல் கூகுள் மை பிசினஸ், 2021 முதல் கூகுள் பிசினஸ் புரொஃபைல். மூணும் ஒரே வம்சம்தான்.

முக்கியமான வித்தியாசம் பேரில் இல்லை. அந்தக் காலத்தில் டைரக்டரியில் பேர் போடுவது பதிப்பாளர் ஒருத்தர் மட்டும். இப்போது யார் வேண்டுமானாலும் உங்கள் கடையைச் சேர்க்கலாம்: பயணி, ஏஜென்ட், பக்கத்து வீட்டுப் பையன். அதனால் "என் கடை நெட்டில் இருக்கணுமா?" என்ற கேள்விக்கே இடமில்லை. அநேகமாக ஏற்கெனவே இருக்கும். சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

எந்தக் கடை மேலே வரும்?

கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே மூணு விஷயம் சொல்கிறது: தேடினதற்குப் பொருத்தம், தூரம், பிரபலம். காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே வர முடியாது என்றும் அங்கேயே இருக்கிறது. (விளம்பரம் தனி. அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரும்.)

நம்ம ஊரில் வைத்துப் பார்த்தால் புரியும். ரமணாசிரம வாசலில் நின்று 'காபி' என்று தேடுகிறவருக்கும், ராஜகோபுரத்துக்கு எதிரில் நின்று தேடுகிறவருக்கும் வெவ்வேறு பட்டியல்தான் வரும். தூரம் அளக்கப்படுவது மேப்பில் குத்தின புள்ளியிலிருந்து. புள்ளி முன்னூறு மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் கடையும் அங்கேதான். பொருத்தம் என்பது பெரும்பாலும் நீங்கள் தேர்ந்தெடுக்கிற வகை. டீ, காபி, வடை மட்டும் விற்கிற கடையை 'ரெஸ்டாரன்ட்' என்று போட்டால் சாப்பாடு தேடுகிறவர்தான் வந்து ஏமாந்து போவார்.

மூணாவதில்தான் நம்மாட்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரே கடைக்கு மூணு பதிவு இருந்தால் நல்ல விமர்சனங்களும் மூணாகப் பிரிந்துவிடும். ஊர்ப் பேர் வேறு சோதனை: ஆங்கிலத்தில் 'டி'க்கு அடுத்து 'எச்' போட்டும் எழுதுகிறோம், போடாமலும் எழுதுகிறோம், சுருக்கமாக 'டிவி மலை' என்றும் எழுதுகிறோம். மனுஷனுக்கு எல்லாம் ஒரே ஊர். கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு எழுத்துக் கோவைகள், ஒன்றுதான் என்று அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. பேர், விலாசம், போன் நம்பர் மூணும் எல்லா டைரக்டரியிலும் ஒரே மாதிரி இருந்தால் ஊகத்துக்கு வேலை இல்லை.

நாங்கள் செய்தது

1. அண்ணா பேரில் ஒரு கூகுள் கணக்கு. அதிலிருந்து ஏஜென்ட் போட்ட பதிவுக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தோம். சில நாளில் கிடைத்தது.

2. சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டது. தெரு, கடை போர்டு, உள்ளே கல்லா, பாய்லர் என்று வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தோம்.

3. மற்ற ரெண்டும் இதே கடைதான், பழைய இடத்தில் இப்போது கடை இல்லை என்று புகார் செய்தோம்.

4. பேர் போர்டில் இருக்கிறபடியே. 'ஆசிரமம் அருகே சிறந்த காபி' என்றெல்லாம் பேரோடு ஒட்டுவது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம்.

5. நேரம். சாதாரண நாளில் காலை 4 முதல் இரவு 9. பௌர்ணமிக்கு விடிய விடிய. இதற்கென்றே 'சிறப்பு நேரம்' என்று ஒரு பகுதி உண்டு. தேதி போட்டு முன்கூட்டியே பதியலாம். தீபத் திருவிழாவுக்கும் இப்படித்தான்.

6. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேர்த்தேன். இது 2004-இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய இலவச மேப். நெட் இல்லாமலே வேலை செய்யும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன. தமிழ்ப் பேரைத் தனியாகக் கொடுக்கவும் இடம் இருக்கிறது.

இத்தனைக்கும் ஆன செலவு சுழியம். ரெண்டு சாயங்காலமும் நாலு டீயும்தான். அந்த டீக்கும் அண்ணா காசு வாங்கவில்லை.

அப்போ ஆறாயிரம்?

உழைப்புக்குக் கூலி வாங்குவது தப்பில்லை. போட்டோ எடுக்க, பதில் எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'காசு கட்டாவிட்டால் கூகுளில் இருந்து கடை போயிடும்' என்று யாராவது சொன்னால் அது பொய். இதே மாதிரி மிரட்டிச் சிறு வியாபாரிகளிடம் பணம் பறித்ததாக, அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் மேல் 2018-இல் அரசின் வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. இது உலகளாவிய தொழில்!

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பதிவின் உரிமையாளர் நீங்கள். ஏஜென்டை 'மேலாளர்' என்று மட்டும் சேருங்கள். அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. நாளைக்குக் கணக்கு முடிந்தால் அவரை நீக்கிவிடலாம், கடை உங்களோடு இருக்கும்.

நட்சத்திரங்கள்

"பத்து பேருக்கு ஃப்ரீ டீ குடுத்து அஞ்சு ஸ்டார் போடச் சொல்லவா?" என்றார் அண்ணா. வேண்டாம் என்றேன். இலவசம் கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுள் விதிப்படி தப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. வந்த விமர்சனத்துக்குப் பதில் எழுதுங்கள், அது போதும்.

அவர் முதலில் பதில் எழுதினது அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குத்தான். பழைய பதிவு கொஞ்ச நாள் உயிரோடு இருந்ததால் அதற்கும் உரிமை வாங்கியிருந்தோம். கடை இடம் மாறிவிட்டது, சொல்லாமல் விட்டது எங்கள் தவறு, அடுத்த பௌர்ணமிக்கு அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

வியாபாரம் கூடியதா? நேர்மையாகச் சொன்னால், கடையில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னமும் ஆட்டோக்காரர்களும் பூக்கடைக்காரர்களும்தான். அவர்களுக்கு மேப் தேவையில்லை. ஆனால் பதினாலு கிலோமீட்டரை வெறுங்காலில் நடக்கிறவருக்கு, திறந்திருக்கு என்று போன் சொன்ன இடத்தில் கடை திறந்திருக்க வேண்டும். டைரக்டரியில் பேர் போடுவது விளம்பரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அது வாக்குக் கொடுப்பது மாதிரி தெரிகிறது.

உங்கள் கடையையோ, நீங்கள் வழக்கமாகப் போகிற கடையையோ இன்றைக்கு ஒரு தடவை தேடிப் பாருங்கள். எத்தனை பதிவு, யாருடைய நம்பர், என்ன நேரம்? பத்து நிமிஷ வேலை. அண்ணா கடையில் இப்போது அதை அவர் மகள் பார்த்துக்கொள்கிறாள். அடுத்த மூணு பௌர்ணமிக்கும் நேரம் போட்டாயிற்று.