எரிகிறதா இல்லையா, ஓட்டுபவருக்கே தெரியாத விளக்கு

பீஷானிலிருந்து காலாங் ஆற்றோரப் பாதை வழியாகச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு 8 மணி இருக்கும். வழியில் பிடித்த மழை பாதி தூரத்தில் விட்டிருந்தது. பாதையிலிருந்து சாலைக்கு ஏறி, சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, உணவு விநியோகப் பையுடன் பின்னால் வந்து நின்ற இளைஞர் சொன்னார்: "அண்ணே, உங்க பின்லைட் எரியலையே!"

கிளம்பும்போது நான்தான் அதைப் போட்டேன். எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பின் 35 நிமிடம் ஓட்டியிருக்கிறேன். எந்த நிமிடத்தில் அணைந்தது என்று இன்றுவரை தெரியாது. கடைசிப் பத்து நிமிடம் சாலையின் இடது ஓரத்தில், கறுப்புச் சட்டையில், லாரிகளுக்கு முன்னால் போயிருக்கிறேன். விளக்கு எரிகிறது என்ற நம்பிக்கையில் கொஞ்சம் தைரியமாகவே போயிருக்கிறேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் அதைக் கழற்றினேன். உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர். மின்னூட்டும் துளையை மூடும் ரப்பர் மூடி ஓர் ஓரத்தில் மட்டும் சரியாக அமராமல் இருந்திருக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் "100 லூமென்" என்று போட்டிருந்தது. விலை 45 வெள்ளி.

முன்விளக்கு அணைந்தால் அந்த நொடியே தெரியும், பாதை இருண்டுவிடும். பிரேக் போனாலும் மணி போனாலும் கை உணர்ந்துவிடும். பின்விளக்கு மட்டும் பிறர் கண்ணுக்காகவே எரிகிறது. அது அணைந்தால் ஓட்டுபவருக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே கடையில் நாம் முதலில் கேட்கும் "எவ்வளவு வெளிச்சம்?" என்ற கேள்வியை இரண்டாவதாகத் தள்ளிவைக்கலாம். "இது எப்படியெல்லாம் அணையும்?" என்பதே முதல் கேள்வி.

60 மீட்டர் கணக்கு

சிங்கப்பூரில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை சைக்கிளில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது விதி. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் நமக்கு ஏறக்குறைய 7 மணிக்கே பொழுது சாய்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். ஈரச்சாலையில் நிற்க இன்னும் சுமார் 35 மீட்டர். மொத்தம் 60 மீட்டர், அதாவது வரிசையாக நிற்கும் ஐந்து பேருந்துகளின் நீளம். சைக்கிளும் முன்னே நகர்ந்துகொண்டிருப்பதால் இது சற்றுக் குறையும். ஆனால் அவசரமாக பிரேக் பிடிக்காமல் நிதானமாகத் தடம் மாற வேண்டுமென்றால் இதைவிடக் கூடுதலாகவே வேண்டும். எனவே 100, 150 மீட்டர் தொலைவில் உங்கள் சிவப்புப் புள்ளி தெரிந்தாக வேண்டும்.

அதற்கு 100 லூமென் தேவையா? லூமென் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் கொட்டும் ஒளியின் கூட்டுத்தொகை. ஒரு குறிப்பிட்ட திசையில் எவ்வளவு செறிவாக ஒளி போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. 20 லூமென் ஒளியைப் பின்பக்கம் முழுவதும் அரைக்கோளமாகப் பரப்பினால் எந்தத் திசையிலும் சுமார் 3 கேண்டெலாதான் கிடைக்கும். அதே 20 லூமெனை நடுக்கோட்டின் இருபுறமும் 20 பாகைக்குள் வில்லை கொண்டு குவித்தால் 50 கேண்டெலாவுக்கு மேல் வரும். மின்னும் பின்விளக்குகளுக்கு பிரிட்டன் 2005இல் அனுமதி தந்தபோது கேட்ட குறைந்தபட்சச் செறிவு வெறும் 4 கேண்டெலா. வில்லை ஒழுங்காக இருந்தால் இரவுக்கு 20, 30 லூமென் தாராளம். பட்டப்பகலிலும் தெரிய வேண்டும் என்பவர்களுக்குத்தான் 100. பூங்கா இணைப்புப் பாதையில் அந்த 100ஐப் போட்டுக்கொண்டு முன்னால் போகிறவர்கள், பின்னால் வருபவரின் கண்ணையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

குவித்த ஒளிக்கு ஒரு சிக்கல் உண்டு. அது சரியான திசையைப் பார்க்க வேண்டும். இருக்கையைத் தாங்கும் குழாய் பெரும்பாலான சைக்கிள்களில் செங்குத்தாக இல்லை. சுமார் 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. விளக்கை அதில் அப்படியே கட்டினால் அதன் முகம் அதே 17 பாகை கீழே கவிழும். முக்கால் மீட்டர் உயரத்தில் கட்டிய விளக்கின் நடுக்கதிர் உங்களுக்குப் பின்னால் இரண்டரை மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடும். நல்ல விளக்குகளின் பிடிமானம் இந்தச் சாய்வை ஈடுகட்டும்படி வார்க்கப்பட்டிருக்கும், அல்லது திருப்பி நிமிர்த்த வழி இருக்கும். கடையிலேயே பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். கேரியரில் பெட்டியோ பையோ ஏற்றுபவர்களுக்கு அந்த இடமே உதவாது. சுமை விளக்கை மறைத்துவிடும். அவர்கள் கேரியரின் பின்முனையிலோ மட்கார்டிலோ திருகாணியால் இறுக்கும் வகையைத் தேட வேண்டும். முதுகுப் பையில் கொக்கி மாட்டித் தொங்கவிடும் விளக்கு பாதி நேரம் வானத்தையும் மீதி நேரம் தார்ச்சாலையையும் பார்க்கிறது.

தண்ணீர் கீழிருந்து வருகிறது

சாங்கி வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரிப்படி ஆண்டில் 171 நாள் மழை, 2,113 மில்லிமீட்டர். நம் ஊரில் பின்விளக்கைக் கொல்லும் முதல் எதிரி இதுதான். ஆனால் மேலிருந்து விழும் மழையைவிடப் பின்சக்கரம் வாரி இறைக்கும் நீர்தான் மோசம். மட்கார்டு இல்லாத சைக்கிளில் அது மணலையும் சேர்த்துக்கொண்டு கீழிருந்து அடிக்கிறது. பல விளக்குகளில் மின்னூட்டும் துளை இருப்பதும் சரியாக அடிப்பக்கத்தில், டயரைப் பார்த்தபடி!

பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று தொடங்கும் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் பீய்ச்சும் குழாயைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். 7 என்பது 6ஐ விட மேல் என்று தோன்றும், ஆனால் அப்படியில்லை. அசையாத நீரில் மூழ்கும் சோதனையும் பீய்ச்சும் நீர்ச் சோதனையும் வெவ்வேறு. 7 மட்டும் வாங்கிய விளக்கு பீய்ச்சலைத் தாங்கும் என்று அந்தத் தரநிலை சொல்வதில்லை. தாங்கினால் இரண்டு எண்களையும் குறிப்பிடுவார்கள். இந்தச் சோதனைகளில் மூடி ஒழுங்காக மூடப்பட்டிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. நூறு முறை திறந்து மூடித் தளர்ந்துபோன ரப்பருக்கு எந்த எண்ணும் பொருந்தாது.

புது விளக்கை வாங்கியதும் நான் இப்போது செய்வது இதுதான். எரியவிட்டுக் குளியலறைக் குழாயின் கீழே பத்து நிமிடம், கீழ்ப்பக்கம் மேலாகத் திருப்பிப் பிடிக்கிறேன். துடைத்துவிட்டு ஓர் இரவு வைக்கிறேன். காலையில் வில்லையின் உட்புறம் பனி பூத்திருந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறேன். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

இரண்டாவது எதிரி குலுக்கல். ஏஏஏ பேட்டரி ஒன்று 11 கிராம் எடை. நடைபாதை விளிம்பில் சக்கரம் இடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல 20 மடங்கு என்று கொண்டால், அந்தக் கணத்தில் அது 220 கிராம் எடைபோல் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒரு கண்ணிமைப்பொழுது தொடர்பு விட்டுப்போகும். பழைய தள்ளு சுவிட்ச் விளக்காக இருந்தால் ஒரு முறை சிமிட்டிவிட்டு மீண்டும் எரியும். இன்றைய விளக்குகளில் பொத்தானை அழுத்தியதை நினைவில் வைத்திருப்பது ஒரு சிறு சில்லு. மின்சாரம் விட்டதும் அது மறந்துவிடும். விளக்கு அணைந்தது அணைந்ததுதான். எரியும் விளக்கை உள்ளங்கையில் பலமாக நாலைந்து முறை தட்டிப் பாருங்கள். அணைகிற விளக்கு வேண்டாம். மின்னூட்டும் வகையில் பேட்டரியைப் பற்றவைத்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் மின்னூட்டும் வகைக்கு வேறு குணம். சாதாரண பேட்டரி விளக்கு மெல்ல மெல்ல மங்கும். மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் சுற்றமைப்பு கொண்டது கடைசிவரை பளிச்சென எரிந்துவிட்டுத் திடீரென நின்றுபோகலாம். பெட்டியில் போடும் மணிக்கணக்கையும் கவனியுங்கள். கைவிளக்குகளுக்கான எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலையில் "எரியும் நேரம்" என்பது ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். 20 மணி நேரம் என்றால் 20 மணி நேரமும் அதே வெளிச்சம் என்று பொருளல்ல. ஆகவே பேட்டரி குறைவதை முன்கூட்டியே நிறம் மாற்றிக் காட்டும் சிறு விளக்கும், தீரும் நிலையில் தானாகவே மங்கிய ஒளிக்கு இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடும் இருந்தால் அதற்காகப் பத்து வெள்ளி அதிகம் கொடுக்கலாம். வீவக தாழ்வாரத்தில் வெயில்படும் இடத்தில் சைக்கிளை நிறுத்துபவர்கள் விளக்கைக் கழற்றி உள்ளே கொண்டுபோவது நல்லது. முழுக்க மின்னூட்டிய லித்தியம் பேட்டரி சூட்டில் வேகமாக முதுமையடையும்.

மின்னலாமா, நிலையாக எரியலாமா?

மின்னும் விளக்கு சட்டென்று கண்ணில் படும், பேட்டரியும் நீடிக்கும். ஆனால் குறுகிய மின்னலைக் கண் அதன் முழு வலிமையில் உணர்வதில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிளோண்டெல், ரே இருவரும் 1911இல் தந்த சூத்திரப்படி, மங்கலாகத் தெரியும் எல்லையில், விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரமே மின்னும் 100 கேண்டெலா விளக்கு நிலையான 20 கேண்டெலா விளக்கைப் போலத்தான் தோன்றும். இருட்டு இடைவெளியில் ஓட்டுநர் உங்கள் தொலைவைக் கணிப்பதும் கடினம். ஜெர்மனியில் சைக்கிளின் பின்விளக்கு மின்னவே கூடாது. பிரிட்டன் நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை அனுமதிக்கிறது. ஒரே விளக்குதான் என்றால், இரவில் நிலையாக எரியவிடுவதே என் தேர்வு.

ஆனால் ஒரே விளக்கு ஏன்? ஒரு விளக்கு 50 இரவுகளில் ஒரு முறை ஏமாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விளக்குகளும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பழுதானால், இரண்டும் ஒரே இரவில் அணைவது 2,500 இரவுகளில் ஒரு முறை. ஒவ்வோர் இரவும் ஓட்டினால்கூட ஏறக்குறைய 7 ஆண்டுக்கு ஒரு தடவை. "தொடர்பின்றி" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒரே நாளில் மின்னூட்டி, ஒரே மழையில் நனையவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று மின்னூட்டும் வகை, மற்றது பேட்டரி வகை. ஒன்று இருக்கைக்குக் கீழே, மற்றது மட்கார்டில்.

பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு டைனமோ இருக்கிறது. ஜோகூர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு டயரில் உரசிக் கிர்ரென்று பாடும் பழைய போத்தல் டைனமோ நினைவிருக்கும். நின்றால் விளக்கும் நின்றுவிடும். முன்பல்பு சுட்டுப்போனால் அடுத்த நொடியே பின்பல்பும் போகும். 2.4 வாட் முன்பல்பு குடித்துக்கொண்டிருந்த மின்னோட்டம் முழுவதும் பாவம், 0.6 வாட் பின்பல்பு மீது பாயும். இப்போது டைனமோ சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே போய்விட்டது. எல்இடி விளக்கினுள் இருக்கும் மின்தேக்கி, சைக்கிள் நின்ற பிறகும் சில நிமிடம் எரிய வைக்கிறது.

டென்மார்க்கின் ஓடென்சா நகரில் 2004 நவம்பர் முதல் ஓராண்டு ஓர் ஆய்வு நடந்தது. 3,845 சைக்கிளோட்டிகள் பங்கேற்றனர். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, சக்கரக் கம்பியில் கட்டிய காந்தம் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் உண்டாக்கி, பகலிரவு பாராமல் எரியும் விளக்கு தரப்பட்டது. அவர்களிடையே காயம் ஏற்படுத்திய விபத்துகள் 19 விழுக்காடு குறைவாக இருந்தன. விபத்துகளைப் பங்கேற்றவர்களே தெரிவித்தார்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது, அந்த விளக்கில் போட மறப்பதற்குப் பொத்தானே இல்லை என்பது.

சைக்கிளோடு இலவசமாக வரும் சிவப்புப் பிரதிபலிப்பானைச் சிலர் அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் சிறுசிறு மூலைக்கண்ணாடிகள் அவை. பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, நனைந்தாலும் கவலையில்லை. வாகனத்தின் முன்விளக்கு நேராக மேலே பட்டால்தான் வேலை செய்யும் என்பதால் அது விளக்குக்கு மாற்றாகாது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் எனக்குப் பின்னால் இருந்த ஒரே பாதுகாப்பு, சேறு படிந்த அந்த ஐந்து வெள்ளி பிளாஸ்டிக்தான்.

இப்போது என் சைக்கிளில் இரண்டு பின்விளக்குகள். மட்கார்டில் இருப்பது நிலையாக எரிகிறது. இருக்கைக்குக் கீழே இருப்பது மெதுவாக மின்னுகிறது. கிளம்பும்போது இரண்டையும் வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு, சைக்கிளைப் பின்பக்கமாக மின்தூக்கிக்குள் தள்ளுகிறேன். உள்ளே எஃகுச் சுவரில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் தரைத்தளப் பொத்தானை அழுத்துகிறேன். வழியில் சந்திப்புகளில் நிற்கும்போது பின்னால் நிற்கும் காரின் முன்கண்ணாடியிலும் ஒரு பார்வை.