கால் வைக்க இடம் எங்கே?

திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி அகல ரயில் பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு டிப்ளமா சான்றிதழோடு ரயில்வேயில் சேர்ந்தவன் நான். பாலம், பிளாட்பாரம், குவார்ட்டர்ஸ் என்று 38 ஆண்டுகள் கட்டுமான வேலை பார்த்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றேன். இப்போது திருப்புறத்தில் குடியிருக்கிறேன். நான் எழுத வந்த விஷயம் ரயிலைப் பற்றியது அல்ல; ரோட்டில் நடப்பதைப் பற்றியது.

என் அக்காவுக்கு வயது 74. அத்தான் காலமான பிறகு நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். தினமும் மாலையில் கடைவீதி வரை நடந்துபோய், சாமி படத்துக்குப் பூவும் தனக்கு வெற்றிலையும் வாங்கி வருவார். போகிற வழியில் நாலு பேரிடம் பேசுவார். புது ஊரில் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். ஒரு நாள் பின்னால் வந்த பைக்கின் கைப்பிடி அவருடைய பையில் மாட்டி இழுத்துவிட்டது. கீழே விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கை சரியாகிவிட்டது. ஆனால் அக்கா வாசல் கேட்டைத் தாண்டவில்லை. "அக்கா, நானும் கூட வாறேன், பயப்படாதீங்க" என்றேன்.

"நீ வந்தா ரோடு அகலமாயிருமா தம்பி? அதுல கால் வைக்க இடம் எங்க இருக்கு?" என்றார்.

மறுநாள் காலையில், வேலையில் இருந்த காலத்து டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வழியில் நடந்தேன். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டியே திறந்த ஓடை. ஓடை இல்லாத இடத்தில் மின்கம்பம். கம்பம் இல்லாத இடத்தில் கடையின் விளம்பரப் பலகை. அக்கா ரோட்டுக்குள் நடந்ததற்குக் காரணம் புரிந்தது. வேறு இடமே இல்லை. அவர் விழுந்தது அவருடைய கவனக்குறைவால் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

இது அக்கா ஒருவருடைய கதை அல்ல. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது ஐந்து பேரில் ஒருவர் எந்த வண்டியிலும் ஏறாமலேயே வண்டியால் இறந்தவர்.

சுவர் சொன்ன பாடம்

நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனுக்கு அருகில் ஜனங்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது வழக்கம். தடுப்பதற்காகச் சுவர் கட்டினோம். ஒரே மாதத்தில் சுவரில் ஓட்டை. அடைத்தோம். மறுபடியும் ஓட்டை. மூன்றாவது முறை அடைக்கப் போனபோது வயதான கேங்மேன் ஒருவர் சொன்னார்: "சார், அந்தப் பக்கம் ரேஷன் கடை இருக்கு, இந்தப் பக்கம் வீடு இருக்கு. ரெண்டையும் விட்டுட்டு நாம சுவரை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கோம்."

டிப்ளமா வகுப்பில் யாரும் சொல்லித் தராத பாடம் அது. ஜனங்கள் எங்கே கடக்கிறார்களோ அங்கேதான் கடக்கும் வசதி இருக்க வேண்டும். நமக்கு வசதியான இடத்தில் கட்டிவிட்டு, "ஏன் அங்கே போய்க் கடக்கவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை.

ரோட்டைக் கடக்க நடைமேம்பாலம் கட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே லாரி போவதற்கு ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். உத்தரத்தின் கனத்தையும் சேர்த்தால் நடக்கும் தளம் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போடுவதானால், 12-க்கு 1 என்ற சரிவில் ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர் நீளம் வேண்டும். மீன் கூடையைத் தலையில் சுமக்கும் பெண்ணும் முழங்கால் வலிக்காரரும் 80 படி ஏறி இறங்குவார்களா? ஏற வேண்டியது மனிதன் அல்ல, வாகனம்தான். அதற்கு எஞ்சின் இருக்கிறது.

நம் ஊர் வழியே வந்த பெரிய சாலை

கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை சுமார் 43 கிலோமீட்டர் நீளமுள்ள புறவழிச்சாலை நம் திருப்புறம் வழியாகவும் போகிறது. முக்கோலைக்கும் காரோட்டுக்கும் இடையில் சுமார் 16 கிலோமீட்டர் கான்கிரீட்டால் போட்டது. பொறியாளன் என்ற முறையில் அந்தச் சாலையைப் பார்த்து நான் மகிழ்ந்ததுண்டு. களியக்காவிளைப் பக்கம் போகும் வண்டிகள் எல்லாம் பாறசாலைக் கடைவீதிக்குள் நுழைந்துதான் போக வேண்டும் என்ற நிலை மாறியது நல்லதுதானே?

ஆனால் இம்மாதிரிச் சாலை ஒரு ஊருக்குள் வரும்போது திருவனந்தபுரம் பக்கத்தில் வந்துவிடுகிறது, எதிர்வீடு தூரமாகிவிடுகிறது. சாலை சில இடங்களில் மேட்டிலும் சில இடங்களில் ஆழமான வெட்டிலும் போகும். அக்கரைக்குப் போக அடுத்த பாலம் வரை சர்வீஸ் ரோட்டில் சுற்ற வேண்டும். உதாரணத்துக்கு, சுற்று அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடகாத்திரமானவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர்களின் கணக்கு. அவருக்கு ஏழு நிமிடம். வயதானவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். திரும்பி வர அதே அளவு. காரில் போகிறவருக்கு இது ஒரு நிமிட விஷயம். ஆகவே வரைபடம் போடுகிறவர் நடப்பவரை முதலில் வரைய வேண்டும். கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் அவரை நுழைக்கக் கூடாது.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இதுவே முதல் முயற்சி. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்குச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. எழுதியதெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்னையின் பல தெருக்களில் நடைபாதை மேல் வண்டி நிற்பதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனாலும் ஒரு நகரம் தன் பணத்தை யாருக்காகச் செலவிடுகிறது என்று கணக்குக் கேட்க அந்தத் தாள் வழி செய்தது.

நம்மவர்கள் 1860-லிருந்து குடியேறிய தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரம் 2015 அக்டோபரில் சாண்ட்டன் என்ற வணிகப் பகுதியின் தெருக்களைக் கார்களிடமிருந்து வாங்கி, நடப்பவர்களிடமும் சைக்கிள்காரர்களிடமும் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தது. வெறும் ஒரு மாதம் கூடவா நம்மால் முடியாது என்று அங்குள்ளவர்களை அது யோசிக்க வைத்தது.

சைக்கிள் என்றதும் புதுக்கோட்டை நினைவுக்கு வரும். 1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாருடைய கையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. இன்று நம் வீடுகளில் ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். ரோட்டுக்கு அனுப்பத்தான் நமக்குத் தைரியம் இல்லை. குறை பெண்ணிடமா, ரோட்டிடமா?

பெரிய செலவு வேண்டாம்

இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் ஒதுங்கிப் போகும் அளவு அது. ரோட்டிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. திறந்த ஓடைக்கு நல்ல சிலாப் போட்டு மூடினாலே பல இடங்களில் பாதி நடைபாதை கிடைத்துவிடும்.

நம் கிராமத்து ரோடுகள் பலவற்றில் 1.8 மீட்டருக்கு இடமே இல்லை என்பதும் உண்மை. அங்கே வண்டியின் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரைவிட 65-ல் மோதும் கார் நடப்பவரைக் கொல்லும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி வாசலிலும் கோயில் முக்கிலும் ஒழுங்கான வேகத்தடையும் கடக்கும் கோடும் போதும்.

வயல் வரப்பு, இடவழி, நெய்யாறு பாசனக் கால்வாய்க் கரை – இவற்றின் வழியாகத்தான் முன்பு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த வழிகளைச் செதுக்கி, நாலு விளக்குப் போட்டால், பெரிய ரோட்டைத் தொடாமலே நடக்கவும் சைக்கிளில் போகவும் முடியும்.

யாரிடம் கேட்பது?

ரோடு யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர் ரோடு பஞ்சாயத்துடையது. ஊர்களை இணைக்கும் பெரிய ரோடு பொதுவாகப் பொதுப்பணித் துறையுடையது. புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. தவறான வாசலில் கொடுத்த மனு அங்கேயே தூங்கும்.

கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். "நமக்கு மலையாளம் எழுத வராது, நாம் வந்தேறிகள்" என்று நம்மில் பலர் அங்கே போவதே இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். குறை தீர்க்கும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்துவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை.

நானும் டேப்பில் அளந்ததை ஒரு தாளில் படமாக வரைந்து கிராம சபைக்குக் கொண்டுபோனேன். என் மலையாளத்தைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். படத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஓடையின் ஒரு பகுதிக்குச் சிலாப் போட்டார்கள். மின்கம்பம் இன்னும் நகரவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலிருந்து பிள்ளையின் பள்ளி வரைக்கும் ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். எங்கெங்கே ரோட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு நம் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் வரைந்து தருவது என் பொறுப்பு.

அக்கா இப்போது மாலையில் மறுபடியும் வெளியே போகிறார். சிலாப் முடியும் அந்தக் கம்பம் வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். பூக்கடை கம்பத்துக்கு அப்பால் இருக்கிறது.